நூல் ஆலைக்குப் போன கிண்ணம்

போன மாதம் காலை நிகழ்ச்சியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "அமெரிக்காவுக்கும் காற்பந்துக்கும் என்ன சம்பந்தம்? நேற்றுதானே ஆட ஆரம்பித்தார்கள்!" என்று சிரித்தபடி சொல்லிவிட்டேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் ஒரு நேயர் அழைத்தார். "தம்பி, படிச்சிட்டுப் பேசுங்க."

படித்தேன்.

1884-இல் நியூஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் அமெரிக்கக் காற்பந்துச் சங்கம் உருவானது. மறு ஆண்டே அமெரிக்கக் கிண்ணத்தின் முதல் இறுதியாட்டம் நடந்தது. ஒருமுறை தோற்றால் மூட்டை கட்டவேண்டிய போட்டி அது. நியூயார்க் அணியை 2-1 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கியது ‘கிளார்க் ஓ.என்.டி’.

அது என்ன பெயர் என்கிறீர்களா? தையல் நூலின் பெயர்தான்! ‘எங்கள் புதிய நூல்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஆலையை நடத்திய கிளார்க் குடும்பம் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தைச் சேர்ந்தது. பிழைப்புத் தேடி அங்கிருந்து வந்த தொழிலாளர்கள், துணிமணியோடு தங்கள் ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். வாரம் முழுக்க ஆலை இரைச்சல். ஓய்வு கிடைத்தால் திடல். 1885, 1886, 1887 என மூன்று முறையும் கிண்ணம் அவர்களுக்கே.

அடுத்த 5 ஆண்டுகள் கிண்ணம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் ஊரை விட்டு நகரவில்லை. அதுவும் பஞ்சாலை ஊர். இங்கிலாந்தின் லங்காஷரிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊர்.

நியூவர்க்குக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கிறது கார்னி. கிளார்க் தொழிலாளர்கள் வாழ்ந்து ஆடிய வட்டாரம். 1990-இல் அமெரிக்கா 40 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கிண்ணத்தில் ஆடியபோது, அணியில் இருந்த டோனி மியோலா, ஜான் ஹார்க்ஸ், டாப் ராமோஸ் மூவரும் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். ஹார்க்ஸின் பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ராமோஸ் பிறந்தது உருகுவேயில். 2026 உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குத் தேர்வான அரங்கமும் அங்கிருந்து சில மைல் தூரம்தான்.

மறுநாள் ஒலிபரப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். தேதி தெரியாமல் பேசியதற்காக மட்டுமல்ல. நூறாண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்தவர்களின் ஆட்டத்தை, ஒரே சிரிப்பில் ‘நேற்று வந்தது’ என்று தள்ளிவிட்டேனே, அதற்காக.

வந்தவர்கள் கொண்டுவந்தது எத்தனை தலைமுறை கழித்து ஊருடையதாகும்? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. உங்களுக்குப் பதில் தெரிந்தால் அழையுங்கள். இந்த முறை படித்துவிட்டுத்தான் பேசுவேன்.