பாதியைக் கொடுக்கும் கருவி

நுழையும்முன்

விளையாட்டுக் கருவி நல்லதா, தீயதா என்னும் வழக்கு இன்று வீடுதோறும் நடைபெறுகிறது. பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமும் நின்று வாதிடுகின்றனர். எத்தனை மணி நேரம் ஆடுவது என்பதே இரு சாராரின் பேச்சாகவும் உள்ளது. அவ்விருவரும் கேட்க மறந்த வேறொரு வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

கழன்று வரும் கைப்பிடிகள்

ஜப்பான் நாட்டின் கியோத்தோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டது நிண்டெண்டோ நிறுவனம். அது 2017ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ‘ஸ்விட்ச்’ என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. நடுவில் 6.2 அங்குலத் திரை. அதன் இருபுறமும் ஆடுவோர் பிடித்துக்கொள்ளும் இரண்டு கைப்பிடிகள். தொலைக்காட்சியுடன் இணைத்தும், மேசைமீது நிறுத்தி வைத்தும், கையில் ஏந்தியும் ஆடலாம். இதுவரை 15 கோடிக்கும் மேற்பட்ட ஸ்விட்ச் கருவிகள் உலகெங்கும் விற்றுள்ளன.

இக்கருவியின் சிறப்பு எது என்று கேட்டால் திரையின் தெளிவு என்பர் சிலர். ஆட்டங்களின் அழகு என்பர் வேறு சிலர். உண்மையில் அதன் பெருஞ்சிறப்பு அந்தக் கைப்பிடிகளிலேயே உள்ளது. ‘ஜாய்-கான்’ எனப்படும் அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம் எடையே உடையவை. பின்புறத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு மேல்நோக்கித் தள்ளினால் கைப்பிடி திரையை விட்டுக் கழன்று வந்துவிடும். அதைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பிடித்தால், திரையோடு ஒட்டியிருந்தபோது மறைந்து கிடந்த விளிம்பில் மேலும் இரண்டு பொத்தான்கள் விரல்களுக்கு எட்டும். இப்பொழுது அந்த ஒற்றைக் கைப்பிடியே ஒருவர் ஆடப் போதுமானதாகிறது. ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றொன்றை அருகில் இருப்பவரிடம் நீட்டலாம். வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. இருவருக்கான ஆட்டங்கள் பலவற்றைத் தொடங்க அதுவே போதும்.

தனக்கென வாங்கிய பொருளில் பாதியைப் பிறர் கையில் கொடுக்கும்படி ஒரு கருவி அமைந்திருப்பது சிறிய செய்தியன்று.

சீட்டிலிருந்து திரை வரை

நிண்டெண்டோ 1889ஆம் ஆண்டில் தோன்றியபோது அது செய்தது விளையாட்டுச் சீட்டு. ‘ஹனஃபுதா’ என்பது அச்சீட்டின் பெயர். மலர்ச்சீட்டு என்பது அதன் பொருள். ஓராண்டின் 12 மாதங்களுக்கும் மாதத்திற்கு நான்காக 48 சீட்டுகள். ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மலரோ மரமோ உரியது. எதிரில் ஒருவர் அமர்ந்தாலன்றி அந்த ஆட்டம் நடவாது. விளையாட்டு என்ற சொல்லே அக்காலத்தில் துணை ஒருவரை உள்ளடக்கியதாக இருந்தது.

அச்சீட்டுகளைச் செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்க 1965ஆம் ஆண்டில் குன்பே யொகொய் என்பவர் பணிக்கு வந்தார். ஒருமுறை தொடர்வண்டியில் சென்றபோது, பொழுது போகாத பயணி ஒருவர் தம் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டார் என்பர். அக்காட்சியிலிருந்து பிறந்ததே 1980இல் வெளிவந்த ‘கேம் அண்ட் வாட்ச்’. கணக்கிடும் கருவிகளில் பயன்பட்ட எளிய திரையையே கொண்டு, சட்டைப் பையில் அடங்கும் விளையாட்டை யொகொய் உருவாக்கினார். அது தனிமையில் இருந்த ஒருவரைக் கண்டு பிறந்த கருவி. தனியே ஆடுவதற்கே ஏற்றதாகவும் இருந்தது.

எனினும், யொகொய் அத்தோடு நிற்கவில்லை. 1989இல் அவருடைய குழுவினர் படைத்த ‘கேம் பாய்’ கருவியில் ஒரு சிறு துளை இருந்தது. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து இருவர் ஆடுவதற்கான வழி அது. அந்தக் கம்பியைக் கண்ட சத்தோஷி தஜிரி என்பவரின் மனத்தில் வேறொரு காட்சி எழுந்தது. சிறுவயதில் பூச்சிகளைத் தேடிச் சேர்த்தவர் அவர். ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு அக்கம்பியின் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தார். அக்கற்பனையே 1996இல் ‘போக்கிமான்’ விளையாட்டாக வெளிவந்தது.

ஜப்பானில் அது சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகளாக விற்கப்பட்டது. சிவப்பில் உள்ள சில உயிரினங்கள் பச்சையில் இல்லை. பச்சையில் உள்ள சில சிவப்பில் இல்லை. எவ்வளவு திறமையாக ஆடினாலும் ஒருவர் தம் ஒரு பதிப்பைக் கொண்டு மட்டும் அனைத்தையும் சேர்த்துவிட முடியாது. மற்றொருவரைத் தேடிச் சென்று மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். இரண்டு பதிப்புகளை விற்றால் வருவாய் கூடும் என்னும் வணிகக் கணக்கும் இதில் உண்டு என வாதிடலாம். ஆயினும், அந்த ஆட்டம் ஆயிரக்கணக்கான சிறுவர்களை அறையை விட்டு அண்டை வீட்டிற்கு அனுப்பியது என்பதை மறுப்பதற்கில்லை.

மலர்ச்சீட்டு எதிராளியைக் கேட்டது. கம்பி நண்பனைத் தேடியது. ஸ்விட்சின் கைப்பிடியோ அருகில் இருப்பவரை அழைக்கிறது. ஸ்விட்சுடன் அதே நாளில் வெளிவந்த ‘1-2-ஸ்விட்ச்’ என்னும் ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் ஆடுவோர் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தே ஆடுகின்றனர்.

கழலாத கைப்பிடி

2019ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே நிறுவனம் ‘ஸ்விட்ச் லைட்’ என்னும் மற்றொரு கருவியை வெளியிட்டது. அது சிறியது; எடை குறைந்தது; விலையும் குறைந்தது. ஆனால், அதன் கைப்பிடிகள் கழலா. தனியே வேறு கைப்பிடிகளை வாங்கி இணைத்தாலன்றி அருகில் உள்ளவர் அந்த ஒரே கருவியில் சேர்ந்து ஆட இயலாது. விலையில் மிச்சமாவது பணம். குறைந்து போவது பக்கத்தில் ஓர் இடம். பிள்ளைக்குக் கருவி வாங்கும் பெற்றோர் விலைச் சீட்டை மட்டுமன்றி இந்த வேறுபாட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எதிர்வாதங்கள்

இத்தகைய கருவிகள் கண்ணுக்குக் கேடு, படிப்புக்குத் தடை, பணத்திற்குச் செலவு என்போர் உளர். அவர்களது கவலை பொருளற்றதன்று. அளவு மீறினால் அமுதமும் நஞ்சு. நேரத்தை வரையறுக்கப் பெற்றோர்க்கென்றே கைப்பேசிச் செயலியும் ஸ்விட்சுக்கு உண்டு. ஆயினும், கடிகாரம் மட்டும் இச்சிக்கலைத் தீர்த்துவிடாது. கதவை மூடிக்கொண்டு தனியே ஆடும் ஒரு மணியும், தங்கையோடு சிரித்துச் சண்டையிட்டு ஆடும் ஒரு மணியும் கடிகாரத்திற்கு ஒன்றே, குழந்தைக்கு ஒன்றல்ல.

இணையத்தின் வழியே ஆயிரம் பேருடன் ஆட முடிகிறதே, அது போதாதா எனப் பிள்ளைகள் கேட்கலாம். தோற்கும் நிலை வந்தால் இணைய ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியேறலாம். எதிரில் இருந்தவர் யார் என்பதுகூடத் தெரியாது. பக்கத்தில் அமர்ந்தவரிடம் தோற்றாலோ அவர் முகத்தைப் பார்த்துத் தோல்வியை ஏற்க வேண்டும். வென்றால், அவர் மனம் நோகாமல் வெல்லப் பழக வேண்டும். தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இவற்றைப் பயிற்றுவிக்கும் ஆட்டம் வீண் பொழுதாகாது.

புதிய ஊரில் முதல் சொல்

இக்கருத்து ஒரு சாராருக்குப் பிறரைவிட மிகுதியும் பொருந்தும். அடிக்கடி இடமாற்றம் பெறும் நடுவண் அரசு ஊழியர்களின் பிள்ளைகளை எண்ணியே 1963இல் மத்தியப் பள்ளிகள் தோன்றின. தந்தைக்கோ தாய்க்கோ மாற்றல் ஆணை வந்தால், வீட்டுப் பொருள்களோடு பிள்ளையின் நட்பும் மூட்டை கட்டப்படுகிறது. பொருள்கள் புதிய குடியிருப்புக்கு வந்து சேர்கின்றன. நண்பர்கள் வந்து சேர்வதில்லை. அவ்வூர் மொழி தெரியாத சிறுவன் மாலையில் மாடியில் நின்று கீழே ஆடும் பிள்ளைகளைப் பார்க்கிறான். பிழையாகப் பேசினால் சிரிப்பார்களோ என்னும் அச்சம் அவனைத் தடுக்கிறது. பிறகு அறைக்குள் சென்று திரையைத் திறக்கிறான்.

அந்நேரத்தில் கருவி அவனுக்கு இரண்டில் ஒன்றாகலாம். கைப்பிடிகள் திரையோடு ஒட்டியே இருக்குமாயின் அது அவனைச் சுற்றி எழும் சுவர். ஒன்றைக் கழற்றி எதிர்வீட்டுப் பிள்ளையிடம் அவன் நீட்டினால் அதுவே வாயில். அப்படி நீட்டுவதற்கு இலக்கணம் வேண்டா. வினைமுற்று பிழையாகுமோ என்னும் அச்சம் வேண்டா. ஆட்டம் தொடங்கிய பின் மொழி தானே வரும். ‘இப்பொழுது உன் முறை’ என்பதை அவ்வூர் மொழியில் அவன் கற்பான். தமிழில் அதை அந்நண்பன் கற்பான்.

ஸ்விட்ச் விலை மிகுந்த பொருள். எல்லா வீட்டிலும் இராது. இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பந்தும், ஒரு சீட்டுக்கட்டும், ஒரு கேரம் பலகையும் அதே பணியைச் செய்யும். கருவி எதுவாயினும் அளவுகோல் ஒன்றே: அது மற்றொருவருக்கு இடம் தருகிறதா? எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று கேட்கும் பெற்றோர் இனி யாருடன் ஆடினாய் என்றும் கேட்கட்டும். அவ்வினாவிற்கு ஒரு பெயரை விடையாகச் சொல்லும் பிள்ளை, புதிய ஊரில் தனித்து இல்லை.

சிந்தித்து எழுதுக

1. தனியே ஆடும் ஒரு மணியும் பிறரோடு ஆடும் ஒரு மணியும் ஒன்றல்ல என்பதற்குக் கட்டுரை கூறும் காரணங்கள் யாவை?
2. ‘கருவி சுவராகவும் ஆகலாம், வாயிலாகவும் ஆகலாம்.’ உமது பட்டறிவைக் கொண்டு விளக்குக.
3. உமது குடியிருப்புக்குப் புதிதாக வந்த ஒருவரை விளையாட அழைப்பதாக ஓர் உரையாடல் எழுதுக.