காசு கூறும் வரலாறு

திருவண்ணாமலைக் கோயிலில் சோழர் காலத்தும் விசயநகர வேந்தர் காலத்தும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இன்றும் நிலைபெற்றுள்ளன. கோயிற் கல்லை எவரும் மடியில் முடிந்துகொண்டு போதல் இயலாது. காசோ அங்ஙனமன்று, அது கைமாறும், மண்ணில் புதையும், உலையில் உருகியும் மறையும். ஆதலின், வரலாற்றுச் சான்றுகளுள் விழிப்புடன் காக்கத்தக்கது பழங்காசே எனலாம்.

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசு இதற்குத் தக்க சான்றாகும். அரிய இக்காசினைத் தினமலர் ஆசிரியராய் விளங்கிய நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து உலகறியச் செய்தார். அதன்கண் மன்னன் ஒருவனது தலையுருவமும், அதற்குமேல் 'மாக்கோதை' என்னும் பெயரும் உள்ளன. எழுத்து தமிழ்ப் பிராமி. 'குட்டுவன் கோதை' என்ற பெயர் தாங்கிய வெள்ளிக் காசும் கிடைத்துள்ளது. கரூர்ப் பகுதியில் உரோமானியரின் வெள்ளிக் காசுகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள பேரரசர் தலையுருவத்தைக் கண்டே சேரர் இவ்வமைப்பினை மேற்கொண்டனர் என்பர் அறிஞர். உருவ அமைப்பு கடல் கடந்து வந்தது. பெயரும் எழுத்தும் தமிழருடையன. சேரமான் குட்டுவன் கோதை என்பான் புறநானூற்றிலும் பாடப்பெற்றுள்ளான். புலவர் பாடிய பெயர் வெற்றுக் கற்பனையன்று என்பதற்கு வெள்ளியே சான்று பகர்கின்றது.

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியிலும் இத்தகைய செல்வம் உண்டு. ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுகளில் 'சேந்தன்' என முடியும் பெயர் தமிழ்ப் பிராமியில் காணப்படுகின்றது. ஈயம் விலை குறைந்ததாயினும், அவை கிடைத்த ஊர் தெரிந்தமையால் அவற்றின் மதிப்பு உயர்ந்தது. கிடைத்த இடம் மறைந்தால் காசின் வரலாற்றிற் பாதி மறைந்துவிடும்.

பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தோர், அது கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அரசு அதனை எடுத்துக்கொள்ளுங்கால், உலோகத்தின் விலையோடு அதில் ஐந்திலொரு பங்கு கூட்டித் தரும். இது போதுமோ? இரண்டாயிரம் ஆண்டுப் பழமையை எடைபோட்டு விலை கூறுவது முறையன்று. பரிசு சிறிதாயின், வறியோன் தட்டார் கடையையே நாடுவான். அவனைப் பழிப்பதினும், தக்க பரிசளித்து ஊக்குவதே அறிவுடைமை.

பொதுமக்கட்கும் கடமை உண்டு. பழங்காசு கிடைப்பின் புளியிட்டுத் தேய்த்தல் ஆகாது. அதனால் எழுத்துத் தேயும். உருக்குதலோ அதனினும் கொடிது. உருக்கிய வெள்ளியை மீண்டும் காசாக வார்க்கலாம். 'மாக்கோதை' என்று எழுதிய அக்காலத்துக் கையை மீண்டும் பெறுதல் இயலுமோ?