பாசமலருக்கு அழுதவர்கள்

சிவாஜி கணேசனின் நடிப்பு மிகையா, இல்லையா என்பதைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. அந்த நடிப்புக்கு எதிரே மணல் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுத பெண்களைப் பற்றி எழுதியதோ மிகக் குறைவு. படத்தை அலசிய அளவுக்குப் பார்த்தவர்கள் பக்கம் சிற்றிதழ்கள் திரும்பவேயில்லை. இதைப் பெரிய குறையாகவே நினைக்கிறோம்.

ஆ. பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ 1961இல் வந்தது. ஆரூர்தாஸ் வசனம், விசுவநாதன்–ராமமூர்த்தி இசை. தாய் தகப்பன் இல்லாத அண்ணனும் தங்கையும். தங்கை சேர்த்து வைத்த பணத்தில் அண்ணன் தொழில் தொடங்கி முதலாளி ஆகிறான். அவளுக்குக் கல்யாணமாகிறது. கணவனின் அத்தை மூட்டிவிட்ட சண்டையில் இரண்டு குடும்பமும் பிரிகிறது. கடைசியில் பார்வையிழந்த அண்ணனோடு தங்கையும் உயிரை விடுகிறாள். மறு ஆண்டே அசோக் குமாரும் வஹீதா ரஹ்மானும் நடிக்க இந்தியில் ‘ராக்கி’யாகவும், என்.டி. ராமாராவும் சாவித்திரியும் நடிக்கத் தெலுங்கில் ‘ரக்த சம்பந்த’மாகவும் அதே கதை போனது. அண்ணன் தங்கைப் பாசம் எந்த ஊருக்கும் பொதுதான். ஆனாலும் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் எழுந்த அழுகைக்கு இந்த ஊர் வாழ்க்கையில் ஊன்றிய காரணம் உண்டு.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது நாளடைவில் அண்ணன் தம்பி வீடுதான். அப்பா அம்மா போன பிறகு அந்த வாசலை மிதிக்க அவளுக்கு இருக்கும் ஒரே பாத்தியதை உடன்பிறந்தவன். தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்குப் பொங்கச்சீர், பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி, மகள் பெரியவளானால் மாமன் சீர். 1961இல் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இருந்த பிறப்புரிமை மகளுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் 1989இல்தான் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அந்தத் திருத்தத்திலும் இடமில்லை. 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகே அவர்களுக்கும் வழி திறந்தது. ஆக, அன்று படம் பார்த்த பெண்ணுக்குச் சீர் மட்டுமே கையில் வரும் பங்கு. அண்ணன் முகம் திரும்பினால் அதுவும் போயிற்று. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு வீட்டில் தத்தம் குழந்தையைத் தூங்கவைத்துப் பாடும் அந்தக் கண்ணதாசன் தாலாட்டு, மாமன் கொண்டுவரும் சீர்வரிசையைப் பற்றித்தானே பேசுகிறது? சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடும் அந்த நேரத்தில் தரை டிக்கெட்டில் இருந்த ஒவ்வொருத்தியும் தன் அண்ணனோடு ஒரு கணக்கை எடுத்து வைத்துப் பார்த்திருப்பாள். வராமல் போன சீர், அண்ணி சொன்ன சொல், பேச்சு நின்றுபோன வருஷங்கள்.

என் அத்தை ஒருத்தி ‘பாசமலர்’ கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அது அவளுடைய கதையாக மாறிவிடும். படத்துத் தங்கை ராதாவின் கணவன் வீட்டில் நடந்தது எது, தன் புகுந்த வீட்டில் நடந்தது எது என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு வராது, அவசியமும் இல்லை. படத்தில் இல்லாத காட்சிகள் அவள் சொல்லும் ‘பாசமல’ரில் உண்டு.

இழவு வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒப்பாரி வைக்கும் பெண்கள் கட்டிப்பிடித்து வட்டமாக உட்காருகிறார்கள். செத்தவர் பெயரைச் சொல்லித்தான் பாட்டு தொடங்குகிறது. நாலு அடி போனதும் ஒருத்தி என்றோ செத்த தன் தாயைக் கூப்பிடுகிறாள், இன்னொருத்தி தன்னைக் கைவிட்ட கூடப்பிறந்தவனை இழுத்து வைத்துக் கேட்கிறாள். வேறு எங்கே சொன்னாலும் வம்பாகிவிடும் மனக்குறையை அங்கே சொல்லலாம்; யாரும் ஏன் என்று கேட்பதில்லை. டூரிங் டாக்கீஸ் அந்த உரிமையை இன்னொரு இடத்தில் கொடுத்தது. பெண்கள் பக்கம் தனியாகத் தடுப்பு, சுற்றிலும் இருட்டு, அடுத்தவளும் அழுகிறாள். வீட்டில் காரணமில்லாமல் கண் கலங்கினால் மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். கொட்டகையில் காரணம் திரையிலேயே இருந்தது. பீம்சிங்கின் நீண்ட காட்சிகளையும் உரத்த வசனங்களையும் குறை சொல்லும் விமர்சகர், அந்த நீளம் யாருக்குத் தேவைப்பட்டது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். அழத் தொடங்கியவள் அழுது முடிக்க நேரம் வேண்டும்.

படத்தை எல்லாவிதத்திலும் ஏற்கிறோம் என்று இதற்குப் பொருள் இல்லை. அண்ணன் போனால் தங்கையும் போக வேண்டும் என்ற முடிவு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த முடிவைப் பார்த்து அழுதவர்கள் அதை ஒப்புக்கொண்டுதான் அழுதார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. கூடத்தில் குழல்விளக்கு எரிகிறது, மாமனார் நாற்காலியில் இருக்கிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்குகிறார்கள். அதே படம், அதே தாலாட்டு. ஆனால் மருமகள் அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பிறகு 2002இல் திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ தொடர் வந்தது. ஐந்து மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து நிற்கும் ஒரு தகப்பனின் கதை. அதைப் பார்த்தவர்களை ‘அழுகாச்சி சீரியல்’ பைத்தியங்கள் என்று படித்தவர்கள் கேலி செய்தோம். நெடுந்தொடர்களின் கெடுதலை நாங்கள் மறைக்கவில்லை. பெண்ணுக்குப் பெண்ணையே வில்லியாக்கி, ஒரே சண்டையை ஆண்டுக்கணக்கில் இழுத்து, உண்மையான துயரத்தை மழுங்கடித்த தொடர்கள்தான் அதிகம். என்றாலும் ‘மெட்டி ஒலி’யின் தகப்பன் சிதம்பரத்தில் தன் அப்பாவைப் பார்த்த பெண்கள் ஏமாந்தவர்கள் அல்லர். வரதட்சணை பாக்கிக்காக அப்பா கைகட்டி நின்றதைப் பார்த்தவர்கள்.

இந்த இடத்தில் ஒரு பாரபட்சத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தங்கர் பச்சானின் ‘அழகி’ 2002இல், சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ 2004இல், பிரேம்குமாரின் ‘96’ 2018இல் வெளிவந்தன. மூன்றுமே ஓர் ஆண் தன் பள்ளிக்கூடத்துக் காதலை நினைத்து உருகும் படங்கள். மூன்றும் நல்ல படங்கள். ‘அழகி’, தங்கர் பச்சானின் ‘கல்வெட்டு’ சிறுகதையிலிருந்து வளர்ந்தது என்பதில் எழுத்துலகுக்குப் பெருமையும் உண்டு. அவற்றைப் பார்த்துக் கலங்கிய ஆண்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள், அவரவர் பள்ளிக்கூடத்தை, சைக்கிளை, ஊர்ப் பேருந்தை நினைவுகூர்ந்தார்கள். நாமும் அதை இலக்கிய நுட்பம் என்று வரவேற்று அச்சிட்டோம். ஆண் கண்ணீருக்கு நினைவேக்கம் என்ற மதிப்பு. பெண் கண்ணீருக்கு மூக்குச் சிந்தல் என்ற பெயர். ‘96’இல் ராம் தன் காரில் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம் வரை போய் வகுப்பறையைத் தொட்டுப் பார்க்கிறான். பழையதைத் தேடி அப்படிப் போக வண்டியும் நேரமும் தனிமையும் எத்தனை பெண்களுக்கு வாய்த்தன? அவர்களுக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரப் படம். அதற்குள் போய், அதற்குள்ளேயே திரும்பி வர வேண்டும்.

கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கூட இன்று சில நூலகங்களில் பாதுகாப்பாக இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவள் என்ன நினைத்தாள் என்பது எங்கும் பதிவாகவில்லை. 1961இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது.

அதனால் அடுத்த இதழிலிருந்து ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குகிறோம். உங்கள் அம்மா, அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டு ஆச்சி யாரிடமாவது உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் படம், எந்தக் கொட்டகை, யாரோடு போனார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள், எந்த இடத்தில் அழுகை வந்தது, அப்போது யார் நினைவு வந்தது. சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். படத்தின் கதையைத் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், அப்படியே எழுதுங்கள். அவர்கள் பேச்சு வழக்கையும் மாற்ற வேண்டாம். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். ஊர்ப் பெயரும் கொட்டகையின் பெயரும் மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.