நீர்ப்பறவைகளும் எண்ணெய் மாசும்

கடலில் எண்ணெய் சிந்தினால் இறகு நனைந்து பறவைகள் மடியும் என்பதை யாவரும் அறிவர். ஆயின், உணவின் வழியே விளையும் கேடு கண்ணுக்குப் புலப்படாதது, நெடுங்காலம் நீடிப்பது.

1989 மார்ச்சு 24-இல் அலாஸ்காக் கடலில் எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பல் பாறையில் மோதியதால், ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் நீரிற் கலந்தது. அதில் ஒரு பகுதி கரையோரக் கற்களின் அடியிலும் மட்டிப் படுகைகளிலும் தங்கிவிட்டது. மட்டிகள் நீரை வடிகட்டி உண்பவை. எண்ணெயின் நச்சுப் பொருள்களைச் சிதைக்கும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு; ஆகவே நஞ்சு உடலிற் சேர்கிறது. அப்படுகைகளில் சிற்றுயிர்களைத் தேடி உண்ணும் ஹார்லெக்வின் வாத்துகளின் ஈரலில், அந்நஞ்சை எதிர்த்து உண்டாகும் நொதி, 20 ஆண்டுகள் கழிந்த பின்னரும் மிகுந்து காணப்பட்டது.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபொழுது, கூழைக்கடாக்களின் மேனியிற் படிந்த கறையே பலர் கருத்தையும் ஈர்த்தது. கறை நீங்கியதும் கடமை முடிந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. எண்ணெய் சிந்திய இடங்களில் சேற்றையும் மட்டியையும் ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். மட்டியை உண்போர் பறவைகள் மட்டுமல்லர், மக்களும் ஆவர்.