மறவனின் மரம்



போன மாதம் கல்லாறு பக்கம் ஓர் ஓடைக்கரையில் சற்று இளைப்பாறினேன். பாறைமேல் காயப்போட்டிருந்த என் வேர்வைத் துண்டில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நூல்போல நீட்டி, துணியைத் தடவித் தடவிக் குடித்தது. விரட்டினால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்தது. உப்புக்கு அலையும் ஆண் பூச்சி. ஈர மணலிலும் இப்படித்தான் கூட்டமாக அமர்ந்து உப்புநீர் உறிஞ்சும்.

அதுதான் தமிழ் மறவன், 2019 முதல் நம் மாநிலப் பட்டாம்பூச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஈரக்காடுகளும் இலங்கையும் இதற்கு வீடு. வெள்ளைக்காரர்கள் நம் பட்டாம்பூச்சிகளுக்கு சார்ஜென்ட், கமாண்டர், பாரன் என்று பதவிப் பெயர்களாகவே சூட்டித் தீர்த்தார்கள். அந்த வரிசையில் இது 'தமிழ் யோமன்'. யோமன் என்றால் அவர்கள் ஊரில் சொந்த நிலம் வைத்திருக்கும் குடியானவன். மறவன் என்று தமிழாக்கியதில் கொஞ்சம் வீரம் கூடிவிட்டது. கூடட்டுமே!

எனக்கு ஆசை அதன் மரத்தின்மேல். நாட்டு மருந்துக் கடையில் நீரடிமுத்து என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்தக் கொட்டையைத் தரும் மரம். மரவெட்டி என்றும் சொல்வார்கள், மலையாளத்தில் மரோட்டி. 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை தொழுநோய்க்கு இந்த வகைக் கொட்டைகளின் எண்ணெயைத்தான் நம்பியிருந்தார்கள். காயை இடித்து ஓடையில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும். திருதிருவென்று விழிப்பவனை 'மரோட்டிக்காய் தின்ற காக்கை' என்று மலையாளிகள் கேலி செய்வார்கள். காக்கைக்கே கிறுகிறுக்கும் என்று பெயரெடுத்த அந்த மரத்தின் இலையைத்தான் மறவனின் முள்முள்ளான புழு சாவகாசமாகத் தின்று வளர்கிறது. முட்டையிட வரும் தாய்க்கு அந்த வகை மரமே வேண்டும். பக்கத்தில் வேறு எத்தனை மரம் செழித்து நின்றாலும் அதற்கு உதவாது.

மலையோரத்தில் இருக்கும் வாசகர்களே, உங்கள் ஊர் ஓடைக்கரையில் இந்த மரம் நிற்கிறதா? அங்கே அதற்கு என்ன பெயர்? ஓர் அஞ்சலட்டை போடுங்கள். முடிந்தால் ஒரு படமும் அனுப்புங்கள். மறவன் படங்கள் எங்கள் அலுவலகத்தில் குவிந்து கிடக்கின்றன. மரத்தின் படம் ஒன்றுகூட இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்