புற்றுநோய் இல்லாத நெஞ்சுக் கட்டி: ஏன் சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு வேண்டாம்?

“கட்டிதான், புற்றுநோய் இல்லை.” டாக்டர் இப்படிச் சொன்னதும் பாதி பயம் போய்விடும். அடுத்து, “ஆனா விலா எலும்போடு சேர்த்து எடுக்கணும்” என்று சொன்னால்? புற்றுநோய் இல்லைன்னா எலும்பை ஏன் வெட்டணும்?

நியாயமான கேள்விதான். பதில், கட்டியின் பெயரில் இருக்கிறது.

விலா எலும்பு, குருத்தெலும்பு, மார்பெலும்பு, தசை எல்லாம் சேர்ந்ததுதான் நெஞ்சுச் சுவர். நெஞ்சுப் பகுதிக் கட்டிகளில் இந்தச் சுவரிலேயே உருவாகுபவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் ‘ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா’ பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியும். வலி இல்லை, வளரவில்லை என்றால் கண்காணித்தாலே போதும்.

‘கொண்ட்ரோமா’ அப்படி இல்லை. இது குருத்தெலும்புக் கட்டி. சாதுவானதுதான். ஆனால் ‘கொண்ட்ரோசர்கோமா’ என்ற புற்றுநோயும் ஸ்கேனில் ஏறக்குறைய இதே மாதிரிதான் தெரியும். ஊசியால் எடுக்கும் சின்னத் துண்டை வைத்தும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் சுற்றியுள்ள நல்ல பகுதியோடு முழுசாக எடுத்துவிடுகிறார்கள்.

‘டெஸ்மாய்டு’ இன்னொரு ரகம். வேறு உறுப்புக்குப் பரவாது, ஆனால் பக்கத்துத் தசைக்குள் ஊடுருவும், வெட்டினாலும் திரும்பி வரலாம். முன்பெல்லாம் உடனே கத்திதான். இப்போது பலருக்கு முதலில் காத்திருந்து பார்க்கிறார்கள். சில கட்டிகள் தானாகவே சுருங்குகின்றன. இதற்கென முதல் மருந்தாக ‘நிரோகாசெஸ்டாட்’டை அமெரிக்கா 2023 நவம்பரில் அங்கீகரித்தது.

எலும்பை எடுத்த ஓட்டை சிறியது என்றால் தசையே மூடிக்கொள்ளும். சுமார் 5 சென்டிமீட்டரைத் தாண்டினால், மூச்சு இழுக்கும்போது அந்த இடம் உள்ளே அமுங்கலாம். அதற்குத்தான் வலை, டைட்டேனியம் தகடு எல்லாம். முதுகில் தோள்பட்டை எலும்புக்கு அடியில் என்றால், கொஞ்சம் பெரிய ஓட்டையையும் அப்படியே விடலாம்.

சரி, யார் செய்வது? பைபாஸ் செய்யும் அதே இருதய, நெஞ்சு அறுவை நிபுணர்கள்தான். பினாங்கில் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள அரசாங்க மருத்துவமனையில் இந்தப் பிரிவு இருக்கிறது. நாடு முழுக்க இந்த நிபுணர்கள் பற்றாக்குறை. எடின்பர்க் அறுவை மருத்துவக் கல்லூரியின் இணைவழிப் பயிற்சியை முடித்தவர்களை மலேசிய மருத்துவ மன்றம் நிபுணர்களாகப் பதிவு செய்ய மறுத்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு 2024 ஜூலையில் நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் ஒரு நிபுணர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும், சட்டம் மாறியதும் வரிசை குறைந்துவிடாது.

இருதய நோயாளியும் புற்றுநோயாளியும் முன்னால் போவது சரிதான். ஆனால் ‘சாதாரண கட்டி’ என்ற ஒரே காரணத்துக்காக எல்லாரையும் பின்னால் தள்ளுவது சரியில்லை. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவுக்கு ஆறு மாதத் தாமதம் பெரும்பாலும் பாதிப்பில்லை. வளர்ந்துகொண்டே வரும் குருத்தெலும்புக் கட்டிக்கு அதே ஆறு மாதம் ஆபத்தாகலாம்.

பணம் இருந்தால் ஜார்ஜ்டவுனில் தனியார் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை, இந்தோனேசியாவிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். அரசாங்க நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். எங்கே போனாலும், தேதி வாங்குவதற்கு முன் மூன்றைக் கேளுங்க: கட்டியின் பெயர் என்ன, அது எப்படி உறுதியானது, போன ஸ்கேனைவிட வளர்ந்திருக்கா?