ஜெபர்சன் துரையின் மனச்சாட்சியும் கணக்குப் புத்தகமும்

ஆண்டுதோறும் ஜூலை 4-ந் தேதி அமெரிக்காவில் வாணவேடிக்கை அமர்க்களப்படுகிறது. 1776-ல் அந்த நாளில்தான் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியது. மனிதர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று அதில் எழுதியவர் தாமஸ் ஜெபர்சன். அந்தத் தத்துவத்தோடு நமக்குச் சண்டையில்லை. எழுதிய கனவானின் யோக்கியதையைத்தான் நாம் விசாரிக்கிறோம்.

ஜெபர்சன் யார்? வெர்ஜினியாவில் மான்டிசெல்லோ குன்றின் மீது மாளிகை கட்டி வாழ்ந்த பண்ணையார். 1801 முதல் 1809 வரை அமெரிக்காவின் ஜனாதிபதி. அவருடைய ஆயுட்காலத்தில் அவருக்கு உடைமையாக இருந்த கறுப்பின அடிமைகள் 600 பேருக்கு மேல். உயிரோடு இருந்தபோது அவர் விடுதலைப் பத்திரம் கொடுத்தது இரண்டே பேருக்கு. உயிலில் இன்னும் ஐந்து பேருக்கு. அவ்வளவுதான்!

அடிமை முறை அநீதி என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அது எஜமானனைக் கொடுங்கோலனாக்குகிறது, அதைப் பார்த்து வளரும் அவன் பிள்ளைகளையும் கெடுக்கிறது என்று வெர்ஜினியாவைப் பற்றிய தமது நூலில் அவரே எழுதினார். கடவுளின் நீதியை நினைத்து நடுங்குவதாகவும் எழுதினார். அதே நூலில், கறுப்பர்கள் அறிவில் தாழ்ந்தவர்களோ என்ற நச்சுச் சந்தேகத்தையும் விதைத்தார். ஒரு கை கண்ணீரைத் துடைத்தது. மறு கை விலங்கைப் பூட்டியது!

மனச்சாட்சியைப் பார்த்தோம். இனிக் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்போம். 1794-ல் மான்டிசெல்லோவில் ஆணிப் பட்டறை வைத்தார். அதில் உழைத்தவர்கள் 10 வயது முதல் 16 வயது வரையுள்ள அடிமைச் சிறுவர்கள். எந்தப் பையன் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்று துரை கணக்கெழுதினார். இரண்டாண்டுக்கு ஒரு பிள்ளை பெறும் அடிமைப் பெண், பண்ணையின் சிறந்த ஆண் உழைப்பாளியைவிட லாபகரமானவள் என்று 1820-ல் கடிதம் எழுதினார். தாயின் வயிற்றையும் மூலதனத்தில் சேர்த்த கணக்கு இது!

அதே 1820-ல் இன்னொரு கடிதம். ஓநாயைக் காதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்று புலம்பினார். நாம் கேட்கிறோம்: ஓநாய் யார்? விலங்கு பூட்டப்பட்டவனா, அவன் உழைப்பைத் தின்றவனா?

"அந்தக் காலம் அப்படி" என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். அதே காலத்தில்தான் எட்வர்ட் கோல்ஸ் என்ற வெர்ஜினியா இளைஞர், அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாங்குங்கள் என்று 1814-ல் ஜெபர்சனை வேண்டினார். வயதாகிவிட்டது, அது இளைஞர்களின் வேலை என்று கிழவர் கையை விரித்தார். கோல்ஸ் 1819-ல் தம் அடிமைகளை இல்லினாய்சுக்கு அழைத்துச் சென்று விடுவித்தார், நிலமும் கொடுத்தார். ஹைத்தி அடிமைகளோ போராடி வென்று 1804-ல் தனி நாடே அமைத்தார்கள். அந்த நாட்டை ஜெபர்சன் சர்க்கார் அங்கீகரிக்க மறுத்தது; 1806-ல் வர்த்தகத்தையும் தடுத்தது.

1826 ஜூலை 4-ந் தேதி ஜெபர்சன் இறந்தார். மலைபோல் கடன். அதை அடைக்க 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 மனிதர்கள் ஏலத்துக்கு வந்தார்கள். கொல்லர் ஜோசப் பாசெட்டுக்கு உயிலில் விடுதலை. அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஏலமேடை! துரையின் மனச்சாட்சி கடைசியில் பெற்றெடுத்த நீதி இதுதான்.

அமெரிக்காவில் அடிமை விலங்கு எப்போது உடைந்தது? 1861-ல் மூண்ட உள்நாட்டுப் போரில். ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். 1865-ல் அரசியல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. எஜமானனின் மனம் இளகியதால் வந்ததல்ல அந்த விடுதலை. இரத்தம் சிந்திப் பெற்றது.

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! எஜமானன் எவனாவது தன் இளகிய மனத்தைப் பற்றிப் பேசினால், பேச்சைக் கேட்டு மயங்காதீர்கள். கணக்குப் புத்தகத்தை எடுத்து வா என்று கேளுங்கள்!